ரிலீஸ் பேரிங் ஏன் போச்சுன்னு பாத்துட்டு புதுசு போடுங்க

கார்ல சில சாமான் இருக்கு, விலை ரொம்ப கம்மி, ஆனா அது உக்காந்திருக்குற இடம் அப்படி. கிளட்ச் ரிலீஸ் பேரிங் அந்த மாதிரி. மாருதி 800 மாதிரி ஒரு வண்டிக்கு பேரிங் மட்டும் வாங்கினா சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும், ஆனா அத கையால தொடணும்னா பேட்டரிய எடுக்கணும், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழட்டணும், கியர் ஆயில வடிக்கணும், ரெண்டு பக்க ஆக்ஸிலையும் உருவணும், இன்ஜினுக்கு முட்டு குடுத்துட்டு கியர்பாக்ஸ கீழ இறக்கணும். கூலி பேரிங் விலைய விட பல மடங்கு வரும். அதனால ஒரு தடவ இறக்கிட்டா திரும்ப சீக்கிரம் இறக்காத மாதிரி வேலை செஞ்சு ஏத்தணும்னு நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். நான் வேலை கத்துக்கிட்ட பட்டறைல மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, ஒரு வண்டில ரிலீஸ் பேரிங் ரெண்டாவது தடவ போச்சுன்னு வந்தா அவரு கைல பேரிங்க வாங்கிப் பாக்கவே மாட்டாரு, நேரா அந்த பேரிங்க தள்ளுற ஃபோர்க்கதான் ஆட்டிப் பாப்பாரு. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. திரும்பத் திரும்ப போற பேரிங்ல பாதிக்கு மேல பேரிங் மேல தப்பு இல்ல, அத சுத்தி இருக்குற சாமான்ல தேய்மானம், இல்லன்னா கேபிள்ல ப்ளே, அதாவது விட வேண்டிய லூஸ், இல்ல. இத ஒழுங்கா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

மொதல்ல அது என்ன வேலை செய்யுதுன்னு பாத்துடலாம், ஏன்னா மாட்டுறப்ப செய்யுற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதுலதான் இருக்கு. இன்ஜின் கூட சேந்து ஃப்ளைவீல் சுத்துது, அது மேல பிரஷர் பிளேட்ட போல்ட் போட்டு இறுக்கி வச்சிருக்கு, ரெண்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டுக்கு நடுவுல பூ இதழ் மாதிரி ஃபிங்கர் இருக்குல்ல, அதுதான் டயாஃப்ரம் ஸ்பிரிங். அந்த ஃபிங்கர் நுனிய உள்ள தள்ளினா பிளேட் மேல இருக்குற பிடி விடும். ஆனா ஃபிங்கர் இன்ஜின் வேகத்துல சுத்திட்டு இருக்கு, தள்ளுற ஃபோர்க் சுத்தாம நிக்குது. சுத்துறதையும் சுத்தாததையும் நடுவுல நின்னு சேத்து வைக்கிற சாமான்தான் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸ்லருந்து வர இன்புட் ஷாஃப்ட்ட சுத்தி ஒரு குழாய் இருக்கும், கைடு ட்யூப், அது மேல பேரிங் முன்ன பின்ன வழுக்கிட்டு போயிட்டு வரும். அவ்வளவுதான் அதோட உலகம், சில மில்லிமீட்டர் போகும், சில மில்லிமீட்டர் திரும்பி வரும்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். கேபிள் கிளட்ச்ல, பெடல்ல கால் இல்லாதப்ப பேரிங்குக்கும் ஃபிங்கருக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கணும், அப்ப பேரிங் சும்மா நிக்கும், சுத்தாது. கால் வச்ச உடனே நின்னுட்டு இருந்த பேரிங் அப்படியே இன்ஜின் வேகத்துக்கு இழுக்கப்படுது, அது மேல ஸ்பிரிங்கோட முழு பாரமும் ஏறுது. தானா அட்ஜஸ்ட் ஆகுற கேபிள், கேபிளுக்குப் பதிலா ஃப்ளூயிட் தள்ளுற ஹைட்ராலிக் கிளட்ச், இதுல பெரும்பாலும் அப்படி இல்ல, அதுல பேரிங் எப்பவுமே ஃபிங்கர லேசா தொட்டுக்கிட்டே சுத்தும், அதுக்குன்னே டிசைன் பண்ணின பேரிங் அது. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். சைஸ் ஒத்துப் போகுதுன்னு ஒண்ண எடுத்து இன்னொண்ணுல போடக் கூடாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, பார்ட் நம்பர் ஒத்துப் போகணும்.

பழைய அம்பாசிடர் ஓட்டினவங்களுக்கு இது இன்னும் நல்லா புரியும். அந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின் வண்டில ரிலீஸ் பேரிங் குண்டு பேரிங்கே கிடையாது, கார்பன் பேரிங், ஒரு வார்ப்பு வளையத்துக்குள்ள கிராஃபைட் துண்டு. அது நேரா உரசித்தான் வேலை செய்யும். கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டினா கார்பன் தேஞ்சு இரும்பு வளையம் உரச ஆரம்பிச்சிடும். அதனால அந்தக் கால டாக்ஸி டிரைவருங்க சிக்னல்ல நியூட்ரல் போட்டுட்டு கால எடுத்துடுவாங்க, பாத்திருப்பீங்க. குண்டு பேரிங் வந்த பிறகு அந்த ஒழுக்கம் போயிடுச்சு, பேரிங் தாங்குதேன்னு எல்லாரும் காலை அங்கயே வைக்கிறாங்க. தாங்குறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல.

சரி, சத்தத்துக்கு வருவோம். கிளட்ச் பக்கம் சத்தம் வருதுன்னாலே ரிலீஸ் பேரிங்னு முடிவு பண்ணி கியர்பாக்ஸ இறக்குறவங்க நிறைய பேர். இறக்குறதுக்கு முன்னாடி காதுக்கு கொஞ்சம் வேலை குடுங்க. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விட்டு, கால பெடல்ல வைக்காம கேளுங்க. அப்ப உர்ர்னு ஒரு சத்தம் இருந்து, கிளட்ச்ச அமுக்கினதும் அது நின்னா, அது கியர்பாக்ஸ் உள்ள இருக்குற இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஏன்னா நியூட்ரல்ல கால் எடுத்திருக்கும்போது இன்புட் ஷாஃப்ட் சுத்துது, அமுக்கினா நின்னுடும். அதுக்கு நேர் எதிரா, கால் இல்லாதப்ப அமைதியா இருந்து, பெடல லேசா தொட்டதும் கீச்சுன்னோ சர்ர்னோ ஆரம்பிச்சா அது ரிலீஸ் பேரிங். சில பேரிங் லேசா தொடுறப்ப கத்தும், முழுசா அமுக்கினா பாரம் ஏறி அமைதியாயிடும், அதுவும் போன பேரிங்தான். மூணாவதா ஒண்ணு இருக்கு, நிறைய வண்டில ஃப்ளைவீலுக்கு நடுவுல இன்புட் ஷாஃப்ட் நுனிய தாங்குற ஒரு சின்ன பைலட் பேரிங் இருக்கும், அது போனா பெடல முழுசா அமுக்கி கியர் போட்டு நிக்கும்போதுதான் சத்தம் வரும், லேசா தொட்டா வராது. அப்புறம் இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே பெடல அமுக்கினா கிறீச் கிறீச்னு கேட்டா அது எந்த பேரிங்கும் இல்ல, ஒண்ணும் சுத்தவே இல்லையே. ஃபோர்க் ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்ட்ட சுத்தி தாங்குற சின்ன வளையம்), பெடல் பின், கேபிள் இதுல ஏதோ ஒண்ணு வறண்டு போயிருக்கு. இது கண்டுபிடிச்சா கியர்பாக்ஸ இறக்காமலே கூட வேலை முடியலாம்.

எங்க சித்தப்பாவோட 800 இதுக்கு நல்ல உதாரணம். வேற ஒரு இடத்துல கிளட்ச் செட்டு மொத்தமும் மாத்தி, பில்லும் பத்திரமா வச்சிருந்தாரு. சில மாசத்துலயே திரும்ப அதே சத்தம். பேரிங் டூப்ளிகேட் போட்டுட்டாங்கன்னு அவருக்கு ஒரே கோவம். வண்டிய பட்டறைக்கு கொண்டு வந்து இறக்கிப் பாத்தா பேரிங் நல்ல கம்பெனி பேரிங்தான், பேரு எழுத்தெல்லாம் சரியா இருக்கு, ஆனா அதோட முகத்துல ஃபிங்கர் தொட்ட தடம் ஒரு பக்கம் ஆழமா, இன்னொரு பக்கம் தொட்டும் தொடாம இருந்துச்சு. மெக்கானிக் அண்ணன் ரிலீஸ் ஷாஃப்ட்ட, அதான் ஃபோர்க் இருக்குற ஷாஃப்ட்ட, பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டினாரு, லொட லொடன்னு ஆடுது. "பாத்தியா தம்பி, புஷ் போயிடுச்சு. ஃபோர்க் சாஞ்சுக்கிட்டே தள்ளியிருக்கு. இதுல எந்த கம்பெனி பேரிங் போட்டாலும் நிக்காது"ன்னாரு. சித்தப்பா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாரு, "அப்ப அந்த புஷ் எவ்வளவுப்பா?"ன்னாரு. பேரிங் விலைல பாதி கூட வரல. அந்த மொத ஆளு கியர்பாக்ஸ இறக்கின அன்னைக்கே ஷாஃப்ட்ட ஒரு தடவ ஆட்டிப் பாத்திருந்தா இந்த ரெண்டாவது கூலியே இல்ல. இதுக்குத்தான் எனக்கு ஆத்திரம் வரும். தெரியாம விட்டது கூட பரவால்ல, பாக்காம விட்டது தாங்க முடியல.

அதனால கியர்பாக்ஸ் கீழ வந்ததும் புது பேரிங் டப்பாவ பிரிக்காதீங்க, ஓரமா வைங்க. (இறக்குறப்ப ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் போட்டே ஆகணும், இதுல வாதமே கிடையாது.) பெல் ஹவுஸிங் (கிளட்ச்ச மூடியிருக்குற கூடு) உள்ள கருப்பா தூசி இருக்கும், அத ஏர் அடிச்சு ஊதுறது பட்டறைல சகஜம், ஆனா பழைய லைனிங்ல (கிளட்ச் பிளேட் மேல உரசுற பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதினா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். ஈரத்துணில துடைங்க. துடைக்குறப்பவே அந்த தூசி காஞ்சு இருக்கா, எண்ணெய்ப் பசையோட இருக்கான்னு பாருங்க. பிசுபிசுன்னு இருந்தா இன்ஜின் பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ லீக். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் வாசனைலயே வேற வேற, கியர் ஆயில் கந்தகம் கலந்த மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும். எது லீக்னு தெரிஞ்சு அந்த சீல இப்பவே மாத்திடணும், இல்லன்னா புது பிளேட் எண்ணெய் குடிச்சு ஸ்லிப் ஆகும்.

அடுத்து கைடு ட்யூப். பேரிங் உருவிட்டு அந்தக் குழாய் மேல விரல் நகத்த வச்சு நீளவாக்குல இழுத்துப் பாருங்க. நகம் எங்கயாவது தட்டி நின்னா அங்க பள்ளம் விழுந்திருக்குன்னு அர்த்தம். அந்தப் பள்ளத்துல பேரிங்கோட ஸ்லீவ் (ட்யூப் மேல வழுக்குற உள் குழாய்) மாட்டி மாட்டி போகும், பெடல் அமுக்கும்போது ஒரு உதறல் தெரியும், விடும்போது பேரிங் முழுசா பின்னால வராது. லேசான கறைன்னா நைஸ் எமரி பேப்பர் போட்டு தேச்சு எடுக்கலாம், பள்ளம்னா தேச்சு சரி பண்ண முடியாது, தேச்சா குழாய் இன்னும் ஒல்லியாகும், பேரிங் இன்னும் ஆடும். அந்தக் குழாய் தனியா போல்ட் போட்டு வர மாதிரி இருந்தா மாத்திடுங்க.

ஃபோர்க்ல பேரிங்க தொடுற ரெண்டு முனை இருக்கும், ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கான்னு பாக்கணும். ஒண்ணு தட்டையாகி இன்னொண்ணு உருண்டையா இருந்தா அது சாஞ்சு தள்ளியிருக்கு. சில வண்டில ஃபோர்க் ஒரு பால் ஸ்டட் மேல உக்காந்து ஆடும், அந்த பால்ல கிரீஸ் காஞ்சு தேஞ்சு போயிருக்கும். சுசூகி வண்டிங்கள்ல ஷாஃப்ட்டும் ஃபோர்க்கும் ஒண்ணா இருக்கும், ஷாஃப்ட் புஷ்ல ஓடும், அதான் சித்தப்பா வண்டில போனது. அந்த ஷாஃப்ட்டோட வெளி முனைல ஒரு ஆர்ம் மாட்டியிருக்கும், கேபிள் இழுக்குறது அதத்தான். கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்ம்லயும் ஷாஃப்ட்லயும் பன்ச் மார்க் (தட்டி வச்ச புள்ளி அடையாளம்) ஒண்ணுக்கு ஒண்ணு நேரா இருக்கான்னு பாத்துக்கோங்க, மாட்டும்போது ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா கேபிள் எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணாலும் ப்ளே சரியா வராது, காரணம் புரியாம மண்டைய உடைச்சுக்கணும்.

அப்புறம் பிரஷர் பிளேட் ஃபிங்கர். நுனி எல்லாம் ஒரே உயரத்துல இருக்கணும், ஒண்ணு ரெண்டு மேல தூக்கி நின்னா பேரிங் ஒவ்வொரு சுத்துக்கும் அடி வாங்கும். நுனில பேரிங் தேச்ச பள்ளம் இருந்தா புது பேரிங் அந்தப் பள்ளத்துக்குள்ள சரியா உக்காராது. இதனாலதான் பேரிங் மட்டும் மாத்துறத விட பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் ஒண்ணா போடுங்கன்னு சொல்றது, கூலி ஒண்ணுதான். பிளேட் புதுசா இருந்து பேரிங் மட்டும் போயிருந்தா, பிளேட்ல ரிவெட் தலை லைனிங்க விட்டு எவ்வளவு உள்ள இருக்குன்னு அளந்து பாருங்க, சுசூகி புக்ல குறைஞ்சது 0.5 மி.மீ. ஆழம் இருக்கணும்னு சொல்லுவாங்க, அதுக்குக் கீழ தேஞ்சிருந்தா மாத்திடணும்.

இப்ப புது பேரிங். வாங்குற இடம் முக்கியம். சென்னைல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா எந்தக் கம்பெனி டப்பாவும் கிடைக்கும், அதே டப்பால வேற சாமானும் கிடைக்கும். பில்லு போட்டு குடுக்குற கடைல வாங்குங்க. புதுப்பேட்டைல பழைய கியர்பாக்ஸ், ஃபோர்க், ஹவுஸிங் வாங்கலாம், தப்பில்ல, ஆனா பழைய ரிலீஸ் பேரிங் மட்டும் யாரு எவ்வளவு நல்லா இருக்குன்னு சொன்னாலும் வாங்காதீங்க. கைல எடுத்து முகத்துல லேசா அழுத்திக்கிட்டே சுத்திப் பாருங்க, நல்ல புது பேரிங் உள்ள கிரீஸ் இருக்குறதால கொஞ்சம் கனமா, ஒரே சீரா சுத்தும். ஒரு தட்டு தட்டினா விர்ர்னு ரொம்ப நேரம் சுத்துற பேரிங் நல்ல பேரிங்னு ஒரு நம்பிக்கை இருக்கு, தப்பு, அது உள்ள கிரீஸ் இல்லாததோட அடையாளம். சில பேரிங் வளையம் பக்கவாட்டுல லேசா நகரும், அத பாத்துட்டு லூஸ்னு திருப்பி குடுத்துடாதீங்க, ஃபிங்கரோட மையத்துக்கு அதுவே தன்ன சரி பண்ணிக்கறதுக்காக விட்ட இடம் அது.

பேரிங்க பெட்ரோல்லயோ மண்ணெண்ணெய்லயோ கழுவவே கூடாது. சீல் போட்ட பேரிங், உள்ள கிரீஸ் ஆயுசுக்கும் ஒரே தடவ போட்டது, கழுவினா அந்த கிரீஸ் கரைஞ்சு வெளிய வந்துடும், திரும்ப உள்ள போட வழி இல்ல. ஏர் அடிச்சு சுத்த விடுறதும் வேண்டாம். தரைல விழுந்தா, பாக்க ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்தாலும் போடாதீங்க, உள்ள குண்டு ஓடுற பாதைல சின்னதா ஒரு பள்ளம் விழுந்தா போதும், கொஞ்ச தூரம் ஓடினதும் சத்தம் வந்துடும், அப்ப திரும்ப ஆக்ஸிலருந்து ஆரம்பிக்கணும். சில மாடல்ல பேரிங் தனியா, அது உக்கார்ற ஹப் தனியா வரும், அழுத்தி ஏத்தணும். சுத்தியலால அடிக்காம, வைஸ்லயோ பிரஸ்லயோ வச்சு, எந்த வளையம் இறுக்கமா ஏறுதோ அந்த வளையத்துல மட்டும் அழுத்தம் குடுக்கணும், இன்னொரு வளையத்துல குடுத்தா அந்த பாரம் முழுக்க குண்டு வழியாத்தான் போகும்.

சுத்துற முகம் ஃபிங்கர் பக்கம், சுத்தாத முதுகு ஃபோர்க் பக்கம். இது எல்லாருக்கும் தெரியும்னு நினைப்போம், ஆனா அவசரத்துல தலைகீழா மாட்டின வண்டியும் பட்டறைக்கு வந்திருக்கு. அதே மாதிரி முகத்தோட வடிவம், ஃபிங்கர் நுனி வளைஞ்சு இருந்தா பேரிங் முகம் தட்டையா இருக்கும், ஃபிங்கர் தட்டையா இருந்தா பேரிங் முகம் உருண்டையா இருக்கும். பழைய பேரிங்கையும் புது பேரிங்கையும் பக்கத்துல வச்சு உயரம், உள் விட்டம், முகம் மூணும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு மாட்டுங்க. ஃபோர்க்ல பிடிக்கிற கிளிப் இருந்தா ரெண்டு பக்கமும் டக்குனு உக்காந்த சத்தம் கேக்கணும், மாட்டிட்டு ஆர்ம கையால ஆட்டி பேரிங் ட்யூப் மேல முட்டாம, திக்காம போயிட்டு வருதான்னு பாருங்க. இந்த நிமிஷத்துல கையில தெரியுற சொரசொரப்பு, கியர்பாக்ஸ ஏத்தின பிறகு தானா போகாது.

கிரீஸ் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல நல்ல மனசோட பண்ற தப்பு இதுதான், நிறைய போட்டா நல்லதுன்னு. பெல் ஹவுஸிங் உள்ள நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவ சுத்துற சாமான் இருக்கு, மிச்சமா இருக்குற கிரீஸ் எல்லாம் சூட்டுல இளகி தெறிச்சு நேரா லைனிங் மேலதான் போகும். இன்னொண்ணு, ட்யூப் மேல அப்பி வச்ச கிரீஸ் லைனிங் தூசிய பிடிச்சு மாவு மாதிரி ஆயிடும், அப்புறம் அதுவே பேரிங்க நகர விடாது. போட வேண்டிய இடம் கொஞ்சம்தான், ஃபோர்க் முனை பேரிங்க தொடுற இடம், பால் ஸ்டட் இல்லன்னா ஷாஃப்ட் புஷ், கைடு ட்யூப் மேல விரலால தடவி துடைச்ச மாதிரி மெல்லிசா, இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைன் (ஷாஃப்ட்ல நீளவாக்குல இருக்குற பல்லு) மேல அதே மாதிரி மெல்லிசா. ஸ்ப்லைன்ல போட்டுட்டு கிளட்ச் பிளேட்ட ஒரு தடவ அது மேல முன்ன பின்ன தள்ளி எடுங்க, பிளேட்டோட நடு ஹப் ஓரத்துல பிதுங்கி வர கிரீஸ சுத்தமா துடைச்சிடுங்க, பள்ளத்துக்குள்ள இருக்குறது போதும். சூடு தாங்குற கிரீஸா இருக்கணும். காப்பர் பேஸ்ட் போடாதீங்க. ஸ்லீவ் பிளாஸ்டிக்கா இருந்தாலோ, ஸ்ப்லைன் ஹப் நிக்கல் முலாம் பூசி வெள்ளி நிறத்துல இருந்தாலோ டப்பால இருக்குற சீட்ட படிச்சுட்டு செய்யுங்க, கிரீஸே வேண்டாம்னு போட்டிருந்தா வேண்டாம்தான். பேரிங் முகத்துக்கும் ஃபிங்கருக்கும் நடுவுல ஒண்ணும் தடவக் கூடாது.

ஃப்ளைவீல் முகத்தையும் பிரஷர் பிளேட் முகத்தையும் எண்ணெய் இல்லாம துடைச்சுட்டு, பிளேட்ட சரியான பக்கமா வச்சு (ஃப்ளைவீல் சைடுன்னு பிளேட்லயே எழுதியிருக்கும், பெரும்பாலும் ஹப் நீட்டிக்கிட்டு இருக்குற பக்கம் கியர்பாக்ஸ பாக்கும்) டம்மி ஷாஃப்ட் போட்டு மையம் பிடிக்கணும். பட்டறைல பழைய இன்புட் ஷாஃப்ட் ஒண்ண இதுக்குன்னே வச்சிருப்பாங்க, அதுதான் நல்ல டூல். பிரஷர் பிளேட் கவர் போல்ட்ட ஒண்ண முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்கு போகக் கூடாது, எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா க்ராஸ்ல இறுக்கணும், இல்லன்னா கவர் கோணிக்கும், ஃபிங்கர் உயரம் மாறும், பேரிங் மறுபடி சாஞ்ச முகத்த தள்ளும். சுசூகி வண்டில இந்த போல்ட்டுக்கு 18லருந்து 28 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான், கை பலம் காட்ட வேண்டிய இடம் இல்ல.

கியர்பாக்ஸ ஏத்துறது தான் ரிஸ்க். ஷாஃப்ட் நுனி ஸ்ப்லைன்ல நுழைஞ்சதும் அப்பாடான்னு கைய விட்டுடுவாங்க, கியர்பாக்ஸோட மொத்த கனமும் அந்த ஷாஃப்ட் வழியா பிளேட் ஹப் மேல தொங்கும், பிளேட் கோணிடும், அப்புறம் வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும், காரணம் யாருக்கும் தெரியாது. ரெண்டு ஹவுஸிங்கும் முகத்தோட முகம் சேர்ற வரைக்கும் கனத்த ஜாக்கியோ ஒரு ஆளோ தாங்கியே ஆகணும். நுழையலன்னா கியர் போட்டு ஷாஃப்ட்ட லேசா சுத்திக் குடுங்க, ஆட்டிக் குடுங்க. போல்ட்ட போட்டு இறுக்கி இழுத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. கையால தள்ளி சேரலன்னா உள்ள ஏதோ தடுக்குது, பல நேரம் பேரிங் ஃபோர்க்லருந்து நழுவி குறுக்க நிக்கும், போல்ட் போட்டு இழுத்தா பேரிங் ஸ்லீவ் உடையும், இல்ல ஹவுஸிங் காது உடையும். பின்னால எடுத்து பாத்துட்டு திரும்ப ஏத்துறது சலிப்பான வேலைதான், ஆனா அதுதான் வழி. சேந்ததும், கேபிள் மாட்டுறதுக்கு முன்னாடி ஆர்ம கையால இழுத்துப் பாருங்க, கொஞ்ச தூரம் சும்மா வந்து, அப்புறம் கெட்டியா ஒரு இடத்துல முட்டணும். அந்த முட்டுறதுதான் பேரிங் ஃபிங்கர தொட்ட இடம். மொதல்லருந்தே கெட்டியா இருந்தாலோ, முட்டவே இல்லாம தொளதொளன்னு வந்தாலோ அங்கயே நிறுத்துங்க.

திரும்ப மாட்டும்போது பேட்டரிலருந்து கியர்பாக்ஸுக்கு வர எர்த் வயர மறந்துடாதீங்க. அது லூஸா இருந்தா ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் கரண்ட் வேற வழி தேடி கிளட்ச் கேபிள் வழியா போகும், கேபிள் சூடாகி உள்ள இருக்குற பிளாஸ்டிக் உருகி பெடல் கனமாகும், கேபிள் திரும்பி வராது, பேரிங் ஃபிங்கர விட்டு விலகாது. பேரிங் போனதுக்கு எர்த் வயர் காரணம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா இப்படித்தான் நடக்கும்.

ஹைட்ராலிக் வண்டி வச்சிருக்குறவங்களுக்கு கொஞ்சம் வேற. இப்ப வர நிறைய கார்ல ஃபோர்க்கே கிடையாது, ஃப்ளூயிட் அழுத்தத்துல பேரிங்க தள்ளுற ஸ்லேவ் சிலிண்டரும் பேரிங்கும் ஒண்ணா சேந்து இன்புட் ஷாஃப்ட்ட சுத்தி உக்காந்திருக்கும். அத கைல வச்சு அமுக்கி விளையாடக் கூடாது, கியர்பாக்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி யாரும் பெடல அமுக்கக் கூடாது, தடுக்க ஃபிங்கர் இல்லாததால பிஸ்டன் வெளிய வந்து சீல் போயிடும். பெட்ரோல், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் அந்த ரப்பர்ல படக் கூடாது, புக்ல சொன்ன பிரேக் ஃப்ளூயிட் மட்டும்தான். பைப்ல இருக்குற ஏர வெளிய எடுக்கும்போது பெடல மெதுவா முழுசா அமுக்கி மெதுவா விடணும். கிளட்ச் மாத்தும்போது இதையும் சேத்து மாத்திடுங்க, பழசு நல்லாத்தான் இருக்குன்னு விட்டா புது பிளேட்ல ஃபிங்கர் வேற இடத்துல இருக்கும், பிஸ்டன் இத்தனை வருஷம் ஓடாத இடத்துல ஓட ஆரம்பிச்சு சீல் கசியும்.

கேபிள் வண்டிக்கு கடைசி வேலை ப்ளே வைக்கிறது. சுசூகில ரிலீஸ் ஆர்ம் முனைல 2லருந்து 4 மி.மீ. விடச் சொல்லுவாங்க, பெடல்ல பாத்தா அது இன்னும் அதிகமா தெரியும். இங்கதான் நம்ம ஆளுங்க கிட்ட ஒரு சண்டை வரும், பெடல் மேல கொஞ்சம் லூஸா இருக்குண்ணே, டைட் பண்ணி விடுங்கன்னு கேப்பாங்க. டைட் பண்ணினா பெடல் ஜம்முனு இருக்கும், ஆனா பேரிங் நாள் முழுக்க சுத்தும். அந்த லூஸ் பேரிங்குக்கு ஓய்வு, அத யாருக்காகவும் எடுத்துடாதீங்க. கால் விஷயமும் இதோட சேந்ததுதான். சின்ன வண்டில இடது கால் வைக்க தனி இடம் இருக்காது, அதனால கால் தானா பெடல் மேல போகும், தரைல வச்சுப் பழகணும். சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல சாயந்தரம் நகர்ந்து நகர்ந்து போறப்ப, வால்பாறை மாதிரி 40 கொண்டை ஊசி வளைவு இருக்குற மலைல பஸ்ஸுக்கு பின்னால ஏறுறப்ப ஹாஃப் கிளட்ச்ல வண்டிய தாங்கிப் பிடிக்காம ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்க.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது, பிளேட் தேய தேய ப்ளே குறையும். லைனிங் மெலிஞ்சா பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும், அப்ப ஃபிங்கர் நுனி எதிர்ப்பக்கம், அதாவது பேரிங் பக்கம் வரும். நீங்க கேபிள தொடவே இல்லன்னாலும் இடைவெளி தானா சுருங்கி ஒரு நாள் பேரிங்க தொட்டுடும், அதுக்கு மேல போனா கால் வைக்காமலே கிளட்ச் பாதி அமுங்கின மாதிரி ஆகி ஸ்லிப்பும் ஆரம்பிக்கும். புது பிளேட்டுன்னா மொத சில நூறு கிலோமீட்டர்ல லைனிங் படிஞ்சு உக்காரும், அதனால ப்ளே வச்சாச்சுன்னு விட்டுடாம, 500 கிலோமீட்டர் ஓடினதும் ஆர்ம் முனைய விரலால ஆட்டி ஒரு தடவ பாத்துடுங்க, அப்புறம் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும். சித்தப்பா வண்டிக்கு புஷ் ரெண்டும் மாத்தி, புது பேரிங் போட்டு, 3 மி.மீ. வச்சு அனுப்பினோம். ஆயில் மாத்த வரும்போதெல்லாம் அவரே மொதல்ல பானட்ட தூக்கி ஆர்ம ஆட்டிப் பாத்துட்டுத்தான் சாவிய குடுக்குறாரு.